கையைப் பழக்கிய நகரம்

பெங்களூரைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணிப்பொறியில் தொடங்கிக் கணிப்பொறியிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எழுவதற்கு ஒரு தலைமுறை முன்பே, தொழிலாளியின் கையையும் கண்ணையும் பழக்குவதற்குச் செலவிடும் பணம் யந்திரத்தில் போடும் மூலதனத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்ற நம்பிக்கையோடு நான்கு பெரிய தொழிற்சாலைகள் இந்நகரத்தின் எல்லைப்புறத்தில் எழுந்தன. அவை செய்த காரியம் நம்மவர் நினைவிலிருந்து நழுவிவருவது எனக்கு வருத்தம் தருகிறது.

1940-ஆம் ஆண்டில் பம்பாய்த் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் விமானத் தொழிற்சாலைக்கு இடம் தேடியபோது, மைசூர் சமஸ்தானம் 700 ஏக்கர் நிலத்தையும் 25 லட்ச ரூபாய் மூலதனத்தையும் அளித்து அவரை வரவேற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனி உதயமாயிற்று. நிலம் கிடைத்தது, யந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தன. விமானம் கட்டித் தேர்ந்த தொழிலாளர் கூட்டம் மட்டும் தேசத்தில் எங்கும் இல்லை. ஆகவே உற்பத்தியும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் ஒருசேரத் தொடங்கவேண்டியதாயிற்று. மறுவருஷமே முதல் விமானம் பறந்தது. 1942-இல் இந்திய விஞ்ஞானக் கழகமும் வானூர்திப் பொறியியலுக்கென்று தனித்துறை ஒன்றை ஆரம்பித்தது.

ஆனால் அந்த விமானக் கம்பெனியின் சரித்திரத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது யுத்தம் முடிந்தபின் நடந்ததைத்தான். போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலை வற்றிப்போய், ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு கேள்விக்குள்ளானபோது, பழகிய கைகளைக் கலையவிடாமல் காப்பதற்காக நிர்வாகம் எந்த வேலையையும் இழிவென்று கருதாமல் ஏற்றுக்கொண்டது. அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்த தொழிலாளர்கள் ரயில்வேக்கு இரும்புப் பெட்டிகளும், பஸ்களுக்குக் கூண்டுகளும் கட்டினார்கள். யுத்தம் முடிந்தபின் எவருக்கும் பயன்படாதபடி சிதைக்கப்பட்டுக் கான்பூரில் கைவிடப்பட்டிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் 40-ஐ, 1948 முதற்கொண்டு அங்கேயே பறக்கத்தக்கதாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, முழுதும் புதுக்கி இந்திய விமானப்படைக்குக் கொடுத்தார்கள். இப்படி ஐந்தாறு வருஷம் கட்டிக் காக்கப்பட்ட திறமைதான், கட்கே என்ற விஞ்ஞானியின் வடிவமைப்பில் உருவான எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை 1951 ஆகஸ்டில் வானில் ஏற்றியது. நல்ல காலத்தில் பயிற்சி தருவது எளிது. வேலையற்ற காலத்தில் பயிற்சி பெற்றவனைக் கைவிடாமலிருப்பதே பெரும் செலவு, பெரும் தைரியமும்கூட.

சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி. எனப்படும் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. யுத்தகாலத்தில் இத்தாலியக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த ஜாலஹள்ளிப் பிரதேசத்தில் இவற்றுள் பின்னிரண்டும் அமைந்தன. ஆலையோடு குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் எல்லாம் எழுந்தன, கே.ஆர். புரத்துக்கருகே ஓர் ஊருக்குத் தொலைபேசியின் பெயரால் தூரவாணி நகர் என்றே பெயர் விளங்கலாயிற்று. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில், தகப்பன் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போவதும், மலிவு விலைக் கேன்டீனில் சாப்பிடுவதும், பிள்ளை அந்த வருமானத்தில் கல்லூரிக்குப் போவதும் ஒரு தலைமுறையின் வாழ்க்கைக் கிரமமாயின.

அத்தொழிற்சாலைகளின் பயிற்சிக்கூடங்களில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையனுக்கு முதலில் யந்திரத்தைத் தொடக் கொடுக்கமாட்டார்கள். வைஸில் கடித்த ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமுமே அவனுடைய அரிச்சுவடி. அரத்தின் பிடியை வலக்கையாலும் நுனியை இடக்கையாலும் பற்றி, தோள் ஆடாமல் தள்ளித் தள்ளி, அந்தத் துண்டின் முகத்தைச் சமதளமாக்க வேண்டும்; பிறகு மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையே ஒளிக்கீற்று நுழையக்கூடாது. நுழைந்தால் மறுபடி ராவவேண்டும். உள்ளங்கை கொப்புளித்துக் காய்த்துப்போகும்வரை நடக்கும் இந்த அப்பியாசத்தில் விற்பனைக்குரிய பொருள் ஒன்றும் உற்பத்தியாவதில்லை. அவ்வாறு சம்பளம் கொடுத்து மாதக்கணக்கில் இரும்பை ராவச்செய்த ஒரு ஸ்தாபனம், லாபநஷ்டக் கணக்கை அறியாததன்று. ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிக்கான் கம்பெனியின் துணையோடு தொடங்கிய அந்த மெஷின் டூல்ஸ் ஆலை, தன் சொந்தச் சேமிப்பிலிருந்தே இரண்டாவது ஆலை ஒன்றைக் கட்டி 1961-இல் நாட்டுக்குக் காணிக்கையாக்கியது.

அதே வருஷத்தில் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் உதவியோடு கைக்கடிகாரப் பிரிவும் வந்தது. தூசு நுழையாத கூடத்தில் வரிசையாக அமர்ந்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியும் கையில் சிமிட்டாவுமாகச் சின்னஞ்சிறு பற்சக்கரங்களை இருப்பிடத்தில் இறக்கியவர்களில் ஏராளமானோர் பெண்கள்.

இத்தனையும் சொன்னபின், அக்காலத்தைப் பொற்காலமென்று மட்டும் எழுதிவிட்டுப்போவது நேர்மையாகாது. 1980 டிசம்பர் 26-ஆம் தேதி, பாரத் ஹெவி எலெக்ட்ரிக்கல்ஸ் நிறுவனத்தாருக்கு இணையான சம்பளம் வேண்டுமென்று இந்தப் பொதுத்துறை ஆலைகளின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 77 நாள் நீடித்தது. வீடும் பள்ளிக்கூடமும் கொடுத்தவர்களை எதிர்த்து இவ்வளவு பெரிய போராட்டமா என்று அப்போது பலர் ஆச்சரியப்பட்டனர். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தன் கையின் மதிப்பை ஒருவனுக்குக் கற்பித்துவிட்டால், அந்த மதிப்புக்கு உரிய விலையையும் அவன் கேட்கத்தான் செய்வான்.

பின்னர் போட்டி பெருகியது, 1991-க்குப் பிறகு தொலைபேசித் தொழிற்சாலை தளர்ந்தது, எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் சர்க்கார் தீர்மானித்தது. இன்றைய நிறுவனங்கள் சில மாதப் பயிற்சி தந்துவிட்டு, பயிற்சி பெற்றவன் வேறிடம் போய்விடுகிறானே என்று அங்கலாய்க்கின்றன. அந்தப் பழைய ஆலைகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பெங்களூரின் பீண்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் எத்தனையோ லேத்துகள் அவர்கள் கையால் சுழன்றன. 1984-இல் டாட்டாவும் தமிழ்நாட்டு டிட்கோவும் கூடி ஹோசூரில் டைட்டன் கடிகார ஆலையை நிறுவியபோது, ஊர்ப்புறப் பள்ளிகளிலிருந்து இளம்பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, வீடு பிரிந்த ஏக்கம் தெரியாமலிருக்கப் பெற்றோர் ஸ்தானத்தில் பெரியவர்களைக் கூடவே குடிவைத்துப் பராமரித்தார்கள். அங்கே அப்பிள்ளைகளின் விரலுக்குக் கடிகாரத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் ஜாலஹள்ளியில் அதைக் கற்றவர்கள்.