அகழெலிகளின் இரண்டு ஆண்டுகள்

பொறியியல் நுழைவுத்தேர்வு என்றதும் நம் மனத்தில் எழுவது ராஜஸ்தானத்தின் கோட்டா நகரம்தான். பதினொன்றாம் வகுப்பில் தொடங்கும் ஈராண்டுத் திட்டம், வாரந்தோறும் மாதிரித் தேர்வு, சுவரில் ஒட்டிய கால அட்டவணை, தேறாவிட்டால் மேலும் ஓராண்டு. ஐ.ஐ.டி.களுக்கான பொது நுழைவுத்தேர்வு 1961இல் தொடங்கியது. கோட்டாவின் பயிற்சித் தொழில் அதற்கும் இருபது, முப்பது ஆண்டுகள் பிந்தியது. ஆகவே இந்த நீண்டகாலத் தயாரிப்பை நம் காலத்தின் நோய் என்றோ, நம் நாட்டின் சாதனை என்றோ கருதிவிடுகிறோம். உண்மையில் அதன் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். அது உருப்பெற்ற இடம் பிரான்ஸ். அந்த வரலாற்றைச் சற்று நின்று பார்த்தால், ‘திட்டமிட்டுப் படித்தல்’ என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொற்றொடருக்குள் எத்தனை பேருடைய வாழ்வு அடங்கிக் கிடக்கிறது என்பது தெரியவரும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் கடற்படைக்கும் பீரங்கிப் படைக்கும் அதிகாரிகளைத் தெரிவு செய்யக் கணிதத் தேர்வு நடந்தது. 1760களில் அதன் தேர்வாளராக அமர்த்தப்பட்டவர் எத்தியேன் பெஸூ. அவர் தேர்வு நடத்தியதோடு நிற்கவில்லை. மாணவர்களுக்கான கணிதப் பாடநூலையும் பல தொகுதிகளாக எழுதினார். கேள்வி கேட்பவரே நூலாசிரியர் என்றால் மாணவன் வேறெதைப் படிப்பான்? பெஸூவின் தொகுதிகளே படிப்புத் திட்டமாயின. பாடத்திட்டம் என்ற ஒன்றை நாம் இன்று கையில் வைத்துக்கொண்டு எத்தனை அத்தியாயம், எத்தனை மாதம் என்று வகுத்துப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. 1785இல் பாரிஸ் இராணுவப் பள்ளியைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் அந்நூலைப் படித்துத் தேர்வெழுதி, தேறிய ஐம்பத்தெட்டுப் பேரில் நாற்பத்திரண்டாவதாக வந்தான். தேர்வாளர் லாப்லாஸ், மாணவன் நெப்போலியன் போனபார்ட்.

ஆனால் அன்று எல்லோரும் தேர்வு மண்டபத்தின் வாயிலை எட்ட முடியவில்லை. 1748இல் நிறுவப்பட்ட மெஸியேர் இராணுவப் பொறியியல் பள்ளி பிரபு குலத்தவருக்கே உரியதாக இருந்தது. சிறுவணிகரின் மகனான கஸ்பார் மோஞ், அங்கே மாணவராக நுழைய முடியாமல் வரைபடம் தயாரிக்கும் பிரிவில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தபடியே விளக்க வடிவியல் என்ற புதிய துறையை உருவாக்கிப் பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். புரட்சிக்குப் பிறகு 1794இல் எக்கோல் பாலிடெக்னிக் என்று பின்னாளில் பெயர்பெற்ற பொறியியல் பள்ளியை எழுப்பியவர்களுள் அவரே முதன்மையானவர். பதினாறு முதல் இருபது வயது வரையிலான இளைஞர் எவரும் தேர்வுக்கு வரலாம். குலம் கேட்கப்படாது, கணிதமே கேட்கப்படும். பாரிஸிலும் மாகாண நகரங்களிலும் தேர்வு நடந்து, முதலாண்டில் ஏறத்தாழ நானூறு பேர் சேர்க்கப்பட்டனர். பிறப்பின் இடத்தில் மதிப்பெண்ணை அமர்த்திய அந்த முடிவு மகத்தானது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன் விளைவாகப் பிறந்த கேள்விதான் இன்றுவரை நம்மைத் துரத்துகிறது: அந்தக் கணிதத்தை எங்கே, எவரிடம், எத்தனை ஆண்டு கற்பது?

பள்ளியின் இறுதி வகுப்புக்கும் பாலிடெக்னிக்கின் வாயிலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அதை நிரப்ப எழுந்ததே ‘சிறப்புக் கணிதம்’ என்ற வகுப்பு. அது பள்ளிப் படிப்பும் அன்று. கல்லூரிப் படிப்பும் அன்று. தேர்வுக்காகவே ஒதுக்கப்பட்ட காலம். காலப்போக்கில் அது இரண்டாண்டுப் படிப்பாக நிலைபெற்றது. மாணவர் வழக்கில் அதற்குத் ‘தோப்’ என்று பெயர். அகழெலி என்பது பொருள். வெளிச்சம் காணாமல் மண்ணுக்கடியில் தோண்டிக்கொண்டே இருக்கும் பிராணி. அகழி தோண்டும் இராணுவப் பொறியாளர்களையும் அப்பெயர் நினைவூட்டியது.

இந்த அகழெலிகளின் அன்றாடத்தில் ஒரு வழக்கம் நம் கவனத்துக்குரியது. மூன்று மூன்று பேராக மாணவர்கள் ஓர் ஆசிரியர் முன் சென்று, ஒரு மணி நேரம் கரும்பலகையில் கணக்கைப் போட்டு, வாய்விட்டு விளக்க வேண்டும். இந்த வாய்மொழித் தேர்வுக்குக் ‘கோல்’ என்று பெயர். நம் ஊரில் கோல் என்றால் வாத்தியார் கையிலிருந்த பிரம்பு. பிரெஞ்சு மாணவனுக்கும் அதைக் கேட்டால் கொஞ்சம் நடுக்கம்தான். ஆனாலும் அதன் பயன் பெரிது. தான் அறிந்ததாக நினைத்திருப்பதற்கும் உண்மையில் அறிந்திருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை மாணவன் வாரந்தோறும் கண்டுகொள்கிறான். வினாத்தாளில் சரியான விடையைக் கோடிட்டுக் காட்டுவது இதற்கு ஈடாகாது.

இன்னொரு வழக்கம் அவர்களுடைய நகைச்சுவையில் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் நேராகத் தேறுபவனை ‘மூன்றின் கீழ் இரண்டு’ என்பார்கள், அதாவது ஒன்றரை. அந்த ஆண்டைத் திரும்பப் படித்துத் தேறுபவன் ‘ஐந்தின் கீழ் இரண்டு’, இரண்டரை. எக்ஸ் என்பது பாலிடெக்னிக்கின் செல்லப்பெயர். எக்ஸை ஒன்றிலிருந்து இரண்டு வரை தொகையிட்டால் ஒன்றரை வரும். இரண்டிலிருந்து மூன்று வரை தொகையிட்டால் இரண்டரை வரும். தொகையிடலுக்கும் சேர்ந்துவிடுதலுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஒரு முதிர்ச்சி உண்டு. மூன்றாம் ஆண்டு என்பது அங்கே தோல்விக்குப் பின் வரும் தண்டனை அன்று. திட்டத்துக்குள்ளேயே இடம்பெற்ற, தனக்கென ஒரு பெயரும் பெற்ற ஆண்டு.

இந்த ஏற்பாடு முழுமையடையாத தொடக்கக் காலத்தில் அதில் சிக்கியவர்தான் எவரிஸ்த் கால்வா. 1811இல் பிறந்தவர். பாரிஸின் லூயி-லெ-கிராண்ட் பள்ளி மாணவர். பாடநூல்களை விட்டுவிட்டு லெஜாந்தரையும் லக்ராஞ்சையும் நேரடியாகப் படித்தவர். 1828இல், சிறப்புக் கணித வகுப்பில் சேராமலேயே பாலிடெக்னிக் தேர்வுக்குச் சென்றார், தேறவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் லூயி ரிஷார் என்ற ஆசிரியரின் சிறப்புக் கணித வகுப்பில் சேர்ந்தார். 1829 ஏப்ரலில் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. ஜூலை 2 அன்று, அரசியல் அவதூறுகளால் மனமொடிந்த அவருடைய தந்தை தற்கொலை செய்துகொண்டார். அடுத்த சில வாரங்களில் இரண்டாவதும் இறுதியுமான தேர்வு. அதிலும் தோற்றார். கரும்பலகை துடைப்பானைத் தேர்வாளர் மீது எறிந்தார் என்றொரு கதை உண்டு. அதை ஒதுக்கிவிட்டாலும் எஞ்சும் உண்மையே போதுமான அளவு கனமானது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, தயாரிப்பின் குறை. மேதைமை இருந்தது, தேர்வு எதிர்பார்த்த முறையான படிப்பு இல்லை. அது ஓராண்டில் சரிசெய்யக்கூடியது, சரிசெய்யவும் பட்டது. இரண்டாவது, எந்தக் கால அட்டவணையாலும் தடுத்திருக்க முடியாதது. தந்தையை அப்போதுதான் இழந்த பதினேழு வயதுப் பையனை ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த மணியில், ஒருவர் முன் நிறுத்தி அவனுடைய தகுதியை அளந்த ஏற்பாட்டின் குறை அது. வீட்டில் ஒரு பிள்ளை தேர்வில் தவறும்போது, இது எந்தவகைத் தோல்வி என்று பிரித்துப் பார்க்க நமக்குப் பெரும்பாலும் பொறுமை இருப்பதில்லை.

கால்வாவுக்குப் பிறகு நடந்தவை தெரிந்தவையே. வேறொரு கல்லூரியில் சேர்ந்தார். 1830 ஜூலைப் புரட்சியின்போது பாலிடெக்னிக் மாணவர்கள் வீதியில் இறங்கிப் போராட, அவருடைய கல்லூரியின் இயக்குநர் மாணவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார். 1832 மே 31 அன்று, துப்பாக்கிச் சண்டையில் பட்ட காயத்தால், இருபது வயதில் இறந்தார்.

அதே காலத்து இன்னொரு மாணவரின் கதை இதற்கு நேர் எதிரானது. நார்மண்டியைச் சேர்ந்த உர்பேன் லெ வெரியே 1830இல் பாலிடெக்னிக் தேர்வில் தவறினார். எளிய அரசு ஊழியரான அவருடைய தந்தை, மகனைப் பாரிஸுக்கு அனுப்பிப் பயிற்சி பெறவைப்பதற்காகத் தம் வீட்டையே விற்றார். மகன் 1831இல் தேறினார். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும் தகப்பனார் நம் மண்ணில் மட்டும் பிறந்தவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தப் பையன் 1846இல் கணக்கிட்டுச் சொன்ன இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பியபோது நெப்டியூன் கோள் அகப்பட்டது. அதே 1846இல்தான், இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, கால்வாவின் எழுத்துகளைக் கணித அறிஞர் லியூவில் அச்சேற்றினார். தேறியவர், தேறாதவர் இருவருடைய பெருமையும் ஒரே ஆண்டில் உலகறிய வந்தது. வீட்டை விற்றது சரியா என்று கேட்டால் நெப்டியூனைக் காட்டலாம். ஆனால் விற்ற வீடுகள் பல, கோள் ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இந்த வரலாற்றை வெறும் புகழ்ச்சியாக முடித்துவிட முடியாது. குலத்தை அகற்றிய தேர்வு, வேறு வாயில்களைப் பூட்டியே வைத்திருந்தது. 1972 வரை பாலிடெக்னிக்கில் பெண்களுக்கு இடமில்லை. அந்த ஆண்டு எழுவர் சேர்ந்தனர். தேர்வுப் பட்டியலின் முதலிடத்தையே ஆன் ஷொப்பினே பிடித்தார். நூற்றெழுபத்தெட்டு ஆண்டுகளாக எத்தனை பேரை அந்தக் கணிதம் அளக்காமலே விட்டது என்பதற்கு அந்த ஒரு முடிவு போதும். சமூகவியலாளர் பியேர் பூர்தியு 1989இல் வெளியிட்ட ‘அரசின் பிரபுத்துவம்’ என்ற நூலில், இத்தகைய ஆயத்த வகுப்புகள் குடும்பத்திலிருந்து வந்த அனுகூலத்தைத் தனிமனிதத் திறமையாக மாற்றிக் காட்டுகின்றன என்று வாதிட்டார். பழைய பிரபுத்துவத்தின் இடத்தில் ஒரு புதிய பிரபுத்துவம். ஆயினும் பிரான்ஸில் அந்த இரண்டாண்டுப் படிப்பு பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களிடம் நடக்கிறது. இங்கோ அது பெரும்பாலும் தனியார் வணிகத்தின் கையில் இருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட நேர்ந்ததற்குப் பின்னால், கோட்டாவில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் நிழல் இருந்தது.

நீண்டகாலத் திட்டம் என்று நாம் வரைவது பெரும்பாலும் பாடங்களையும் மாதங்களையும் கட்டம் கட்டிய ஒரு தாளை. அந்தத் தாள் தேவைதான். கால்வாவின் முதல் தோல்வி அதைச் சொல்கிறது. ஆனால் அதில் மூன்றாம் ஆண்டுக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். இந்தத் தேர்வு இல்லாவிட்டால் வேறு எது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும் என்னும்போது, அந்தக் கட்டங்களைத் தொடக்கத்திலேயே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பிவிடுவது நல்லது. வாரம் ஒருமுறையாவது பிள்ளை கற்றதை வாய்விட்டுச் சொல்லக் கேட்க ஒரு செவியும் வேண்டும்.

அப்படிக் கேட்டவர்களுள் ஒருவராக ஆசிரியர் ரிஷாரைச் சொல்லலாம். அவர் பெரிய ஆய்வாளராகப் புகழ் பெற்றவரல்லர், பள்ளி ஆசிரியர். கால்வாவைத் தேர்வில்லாமலேயே பாலிடெக்னிக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அது நடக்கவில்லை. ஆனால் அந்த மாணவன் வகுப்பில் எழுதிய பயிற்சி ஏடுகளை அவர் எறிந்துவிடவில்லை. பத்தாண்டுக்குப் பின் அதே வகுப்புக்கு வந்த ஷார்ல் எர்மீத் என்ற இளைஞரிடம் அவற்றைக் கொடுத்தார். எர்மீத் 1842 தேர்வில் அறுபத்தெட்டாவது இடத்தில் தேறி, பின்னாளில் அந்நூற்றாண்டின் பெருங்கணிதர்களில் ஒருவரானார். தேர்வில் தோற்ற பையனின் கையெழுத்து, தரவரிசையில் அறுபத்தெட்டாவதாக வந்த பையனின் பாதுகாப்பில் இருந்து, பிரெஞ்சு அறிவியல் அகாதமியைச் சென்றடைந்தது.