பவினா படேல்: மேசைப்பந்தாட்ட வீராங்கனை

பவினா படேல் 1986 நவம்பர் 6 அன்று குஜராத்தின் மெஹ்சானா மாவட்டச் சிற்றூரான சுந்தியாவில் பிறந்தார். அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தை ஒன்றிய அரசு 1985இலேயே தொடங்கியிருந்தது. எல்லா மாவட்டங்களையும் அது எட்டச் சில ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளிக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். பவினாவை ஒரு வயதில் போலியோ தாக்கியது.

அகமதாபாத் பார்வையற்றோர் சங்கத்தில் கணினி பயிலச் சென்றபோதுதான் மேசைப்பந்தாட்டம் அறிமுகமாயிற்று. (பெயர் எவ்வாறாயினும், மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கு இடமுண்டு.) சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுவோருக்கான ஐந்து பிரிவுகளுள் அவர் நான்காம் பிரிவினர்.

டோக்கியோ பாராலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் சீனாவின் ஜோ யிங்கிடம் தோற்றார். ஆயினும் காலிறுதியில், ரியோவில் தங்கம் வென்ற செர்பிய வீராங்கனை பெரிச்-ரன்கோவிச்சை 3-0 என வீழ்த்தினார். 2021 ஆகஸ்ட் 29 அன்று இறுதியாட்டத்தில் மீண்டும் ஜோ யிங்கே வென்றார், பவினாவுக்கு வெள்ளி. இவ்விளையாட்டில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் பதக்கம் அதுவே. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் பெற்றார்.