பாட்டின் பெட்டகமும் பாடியவர் பெயரும்

1985 ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் பாடல்களுள் 53 ஐத் தெரிந்து, 5 இசைத்தட்டுக்களில் அடக்கி, ‘பயோகிராப்’ என்னும் பெயரில் ஒரு பெட்டகமாக வெளியிட்டனர். நாட்டுப்புற மெட்டையும் ரொக் இசையையும் கலந்து, தாமே எழுதித் தாமே பாடிய வேறு பலருக்கும் பின்னர் இத்தகைய பெட்டகங்கள் வந்தன. ஒரு கலைஞனின் வாழ்நாள் உழைப்பை ஒருங்கே காண்பது நன்றே. ஆனால், அந்த இசை எவருடைய வாயிலிருந்து வந்தது என்று கேட்பதும் வரலாற்று மாணவனின் கடமையன்றோ?

1927 இல் முதன்முதலாக இசைத்தட்டிற் பாடிய கார்ட்டர் குடும்பத்தாரை நாட்டுப்புற இசையின் முன்னோடிகள் என்பர். அக்குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களிற் பாட்டுத் தேடி அலைந்தபோது, மெட்டுக்களை நினைவிற் பதித்து உதவியவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். புகழ் கார்ட்டருக்குப் போயிற்று. ரிடிலை நீண்ட காலம் எவரும் அறியவில்லை.

இதே கேள்வியை நமது கிழக்குக் கரையிலும் எழுப்பலாம். கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவே உள்ள தமிழ்க் கிராமம் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோவிலின் தீமிதிப்பால் அதன் பெயரைப் பலரும் அறிவர். இக்கரையின் வட்டைகளிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வகைக் கவியைப் பாடினர். இரவுக் காவலிலே பரணிலிருந்து ஒருவன் நான்கடி பாடுவான். மறுபரணில் இருப்பவன் எதிர்க்கவி கட்டுவான். சூடடிக்கையில் மாட்டின் பின்னே பொலிப் பாட்டு எழும். போடியாரின் களஞ்சியம் நிறைந்தது. பாடியவனுக்குக் கூலிநெல் மிஞ்சியது, பெயர் மிஞ்சவில்லை.

1964 இல் வெளியான வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேசத்தின் வாழ்வையும் கலையையும் ஏட்டில் ஏற்றியது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். எனினும், ‘நாட்டார் பாடல்’ என்ற பொதுப்பெயர் கவி கட்டிய தனி மனிதரை மறைத்துவிடுகின்றது.

கவி ஊரின் பொதுச்சொத்து, அதற்குப் பெயர் எதற்கு என்பார் உளர். பாட்டு எல்லார்க்கும் உரியதாகட்டும். அதை ஆக்கிய உழைப்பு எவருடையதென்பதை ஏன் மறக்க வேண்டும்? ஏர்பிடித்தவனுக்கும் கற்பனை உண்டு, தனிநடை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாத சமூகமே அவனைப் ‘பெயரறியாப் புலவன்’ ஆக்கியது.

காலமும் கருணை காட்டவில்லை. உழவு இயந்திரம் வந்ததும் பொலிப் பாட்டு ஓய்ந்தது. 1990 இன் வன்செயல்களுக்குப் பின் ஒருவர் ஊர் வழியே மற்றவர் போக அஞ்சினர்; எதிர்க்கவி பாட எதிரே ஆளில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு எத்தனை கவிகள் மாண்டனவோ! எழுதப்படாத பாட்டுக்கு மனித நினைவு ஒன்றே பெட்டகம்.

எஞ்சிய முதியோரிடம் ஆசிரியரும் மாணவரும் செல்லவேண்டும். இன்று ஒலிப்பதிவு செய்வதற்குக் கைத்தொலைபேசியே போதும். பாட்டோடு பாடியவர் பெயர், ஊர், தொழில், பாடிய சந்தர்ப்பம் ஆகியவற்றையும் குறியுங்கள். பெயர் வேண்டாம் என்பாரின் விருப்பத்தை மதியுங்கள். பாண்டிருப்பு மாணவன் மருதமுனை முதியவரிடமும், மருதமுனை மாணவி பாண்டிருப்பு மூதாட்டியிடமும் கேட்கட்டும். பிரிந்து நிற்கும் இரு ஊர்களின் கவியும் அப்போது ஒரே பெட்டகத்தில் சேரும்.