ஈடில்லாக் கடனுக்கு எது ஈடு?



தீண்டாமையைக் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அடையாளம் கண்டு நாம் எழுதியிருக்கிறோம். அது கடன் ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நினைவுப் பேருரையில் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். இன்று நம் காலனிகளில் விடிந்தால் காதில் விழும் பேச்சு குழுக் கடன். எந்தக் கிழமை எந்தக் கம்பெனிக்குத் தவணை என்பது நம் பெண்களுக்கு மனப்பாடம். 'ஈடு கேட்காத கடன்' என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். நிலப் பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம் என்றார்கள். ஒன்றும் இல்லாதவரை நம்பி ஒருவர் கடன் கொடுக்கிறார் என்றால், அவர் எதை ஈடாகப் பிடித்துக்கொள்கிறார்? இந்தக் கேள்வியோடு வரலாற்றுக்குள் போவோம்.

உடம்பே ஈடு

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வட்டியை வருணப்படி வகுக்கிறது. மாதம் நூற்றுக்குப் பிராமணரிடம் 2, சத்திரியரிடம் 3, வைசியரிடம் 4, சூத்திரரிடம் 5. ஆண்டுக் கணக்கில் 24 முதல் 60 விழுக்காடு. நான்கு வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அதே அத்தியாயத்தில் இன்னொரு விதி: கடனைத் திருப்ப முடியாதவர், கொடுத்தவருக்குச் சமமான அல்லது தாழ்ந்த சாதியாக இருந்தால் உழைத்துக் கழிக்க வேண்டும்; உயர்ந்த சாதியாக இருந்தால் கையில் வரும்போது மெல்லக் கொடுக்கலாம். மேலே இருப்பவருக்குக் கால அவகாசம், கீழே இருப்பவருக்கு உடம்பே ஈடு. இந்த விதி எல்லா ஊரிலும் எழுத்துப்படி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. இதன் நியாயம் நம் பண்ணைகளில் நடந்தது என்கிறோம்.

1843ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அதன்பின் ஆளைக் கட்டிவைக்கக் கடனே கயிறாயிற்று. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கொஞ்சப் பணமும் நெல்லும் தகப்பனைப் பண்ணையாளாக்கின. அவருக்குப் பின் மகன் அந்தக் கடனைச் சுமந்தான். 1859இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகிறவரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 1925இல்தான் அதை நீக்கினார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. செங்கல் சூளைகளில் முன்பணம் என்ற பெயரில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது.

நிலம் கிடைத்தபோது நிலமும் ஈடாயிற்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. அப்படிக் கைமாறிய வழிகளில் கடனும் ஒன்று. அந்த நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

4 விழுக்காட்டுக் கடன் எங்கே போயிற்று?

நாம் கடனுக்கு எதிரிகள் அல்லர். முறையான கடன் கிடைக்காததால்தான் பண்ணையாரின் திண்ணையில் நிற்க வேண்டியிருந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூருக்கு அருகே திரூரில் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் பயிர்க் கடன் பட்டா இருப்பவரைத் தேடிப் போயிற்று. கூலிக்காரர் வாசலுக்கு அது வரவில்லை.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972இல் வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் வந்தது. வங்கிகள் தங்கள் முந்தைய ஆண்டுக் கடனில் 1 விழுக்காட்டை மிக ஏழைகளுக்கு 4 விழுக்காடு வட்டியில் தர வேண்டும். அதில் 40 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போக வேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தலித்துக்கு 4 விழுக்காட்டில் வங்கிக் கடன்' என்பது இந்த நாட்டின் எழுத்து மூலமான கொள்கை. அது ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை. 1991இல் நரசிம்மம் குழு, முன்னுரிமைத் துறைக் கடனின் அளவைக் குறைக்கச் சொன்னது. ஏழைக்குக் கடன் தருவது வங்கிக்குச் சுமை என்ற பேச்சு வலுத்தது. வங்கி பின்வாங்கிய இடத்தில்தான் குழு வந்து அமர்ந்தது.

குழுவின் இரண்டு பிறவிகள்

1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியானது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத்தை ஆரம்பித்தது. பின்னர் மகளிர் திட்டம் வந்தது. இந்த முதல் பிறவியில் குழு என்றால் சேமிப்பு. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பில் கூடிய பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்தார்கள். அதன் தொடர்ச்சியாகச் சேமிப்புக் குழுக்கள் பெருகின. பெண்கள் கூடி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. இந்த ஆதாயத்தை நாம் மறுக்கவில்லை.

இரண்டாம் பிறவியில் கம்பெனி வந்தது. சேமிப்பு போயிற்று, கூட்டம் தவணை வசூலுக்கு என்றாயிற்று. 2010இல் எஸ்.கே.எஸ். நிறுவனம் பங்குச் சந்தையில் சுமார் 1,600 கோடி ரூபாய் திரட்டியது. அதே ஆண்டு ஆந்திரத்தில் கடன் நெருக்கடியால் நேர்ந்த தற்கொலைகள் செய்தியாயின. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் பரிந்துரையை ஒட்டி வட்டிக்கு 26 விழுக்காடு உச்சவரம்பு வந்தது. பின்னர் அந்த விதியை மாற்றினார்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய நெறிமுறையில் வட்டிக்கு உச்சவரம்பே கிடையாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம் மாத வருமானத்தில் பாதி வரை தவணை கட்டலாம் என்கிறது அது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் வருமானத்தின் பாதி தவணைக்குப் போனால் மீதியில் அரிசி, மருந்து, பள்ளிச் செலவு எதைக் குறைப்பது?

வட்டிக் கணக்கையும் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன், வாரம் 224 ரூபாய், 50 வாரம் என்று வையுங்கள். மொத்தம் 11,200. 'நூற்றுக்கு 12 வட்டி' என்று சொல்வார்கள். ஆனால் வாரா வாரம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக நம் கையில் இருப்பது ஏறக்குறைய 5,000தான். அதற்கு 1,200 வட்டி என்றால் உண்மையான விகிதம் 23 விழுக்காட்டைத் தாண்டும். செயல்பாட்டுக் கட்டணமும் காப்பீடும் முதலிலேயே பிடித்தால் இன்னும் கூடும். இந்தக் கணக்கு ஒவ்வொரு காலனியிலும் கரும்பலகையில் எழுதப்பட வேண்டியது.

மானமே ஈடு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அவள் பணம் வரும்வரை கூட்டம் கலையாது. வசூலுக்கு வந்தவர் குரல் உயர்த்த வேண்டிய அவசியமில்லை. சமையலை விட்டு வந்து காத்திருக்கும் பத்துப் பெண்களின் பார்வை போதும். பக்கத்து வீட்டுக்காரி காவலாளி ஆகிறாள், அத்தை ஜாமீன் ஆகிறாள். சேரியின் ஒற்றுமைதான் நமக்கு இருந்த ஒரே சொத்து. கலவரத்தில் காத்ததும் பட்டினியில் கஞ்சி பகிர்ந்ததும் அதுதான். அதைத்தான் ஈடாக வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தியின் மானமும் அவளைச் சுற்றியுள்ளவர்களின் உறவும் சேர்ந்ததே இந்த 'ஈடில்லாக் கடனின்' ஈடு.

கடன் பெண் பெயரில் இருக்கிறது, செலவு குடும்பத்துக்கு. ஆணின் கூலி நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஒரு கம்பெனிக்குக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்குகிறார்கள். அதற்கும் வழியில்லாதபோது கந்துவட்டி. கந்துவட்டியை ஒழிக்க வந்தது என்ற கடன் அதற்கே ஆள் அனுப்புகிறது. தென்னார்க்காட்டுக் கிராமங்களின் தலித் பெண்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த இசபெல் கெரின், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் ஆகியோரின் நூல் 2023இல் வெளிவந்தது. குடும்பக் கடனைச் சுமந்து சமாளிப்பதே பெண்ணின் ஓயாத, கூலியில்லாத வேலையாகிவிட்டதையும் அதற்காக அவள் தன் உடலாலும் பெயராலும் தரும் விலையையும் அது பதிவு செய்கிறது. வறுமை ஒழிப்பு என்ற வாக்குறுதிக்கும் ஆதாரம் மெலிந்தது. ஐதராபாத் உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளியாயின; ஏழைக் குடும்பங்களின் வாழ்வை நுண்கடன் பெரிதாக மாற்றியதாக அவை காணவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடும் கர்நாடகமும் சட்டம் இயற்றின. நம் பெண்கள் காவல் நிலையத்தில் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடைத்தது நல்லது. ஆனால் மாநில வட்டித் தொழில் சட்டங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. வட்டியைக் கேட்க வேண்டிய இடம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. மிரட்டலைத் தண்டித்துவிட்டு வட்டியையும் கூட்டுப் பொறுப்பையும் விட்டுவைத்தால், மெதுவாகப் பேசி வசூலிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். நுண்கடன் வட்டிக்கு உச்சவரம்பு திரும்ப வேண்டும். ஒருத்தியின் கடனுக்கு இன்னொருத்தி பொறுப்பு என்ற விதி நீங்க வேண்டும். 4 விழுக்காட்டுக் கடன் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு எவ்வளவு தந்தீர்கள் என்று ஒவ்வொரு பொதுத்துறை வங்கிக் கிளையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். இது இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை. பஞ்சமி நிலம் மீட்கப்பட வேண்டும், கூலி உயர வேண்டும். மருந்துக்கும் படிப்புக்கும் கடன் வாங்கும் நிலையை அரசு மாற்ற வேண்டும்.

பண்ணையாள் முறையைக் கீழத்தஞ்சையில் உடைத்தது எந்த வங்கியும் அல்ல. கூலிக்காரர்கள் சங்கமாய்க் கூடியதுதான் உடைத்தது. வெண்மணியில் 1968இல் 44 உயிர்களைக் கொடுத்தும் அவர்கள் கலையவில்லை. இன்று வாரம் தவறாமல் நம் பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டுவது கம்பெனி. அதே திண்ணையில், அதே பெண்கள், தங்களுக்காகக் கூடும் நாளை உருவாக்குவதே நம் வேலை.

ஜெய்பீம்.