ஏறி இறங்கும் கண்ணாடி

கையால் இயக்கும் பழைய எஸ்.எல்.ஆர். ஃபிலிம் கேமராவின் வரலாறு, பெரும்பாலும் ஒரு சிறு கண்ணாடியின் வரலாறுதான். லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் அது, உள்ளே வரும் ஒளியை மேலே திருப்பி ஒரு திரையில் விழவைக்கிறது. ஃபிலிமில் எது பதியப்போகிறதோ அதையே, அதே லென்ஸ் வழியாக முன்கூட்டிப் பார்த்துவிடலாம். ஷட்டர் திறக்கும் கணத்தில் கண்ணாடி விலகி ஒளிக்கு வழிவிட வேண்டும். இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றது 1861இல். ஆனால் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இவ்வகைக் கேமராக்கள் கனத்த பெட்டிகளாகவே இருந்தன.

சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைக் கொண்டு 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, கேமராவைச் சட்டைப்பைக்குச் சுருக்கியது. ஆனால் அதில் கண் பார்ப்பது தனிச் சாளரம் வழியாக. மிக அருகில் இருக்கும் பூவை எடுத்தால், பார்த்தது ஒன்றும் பதிந்தது வேறொன்றுமாக ஆகிவிடும். இதற்கு விடையாக 1936இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இகாகே நிறுவனம் கினே எக்ஸாக்டாவை வெளியிட்டது. வடிவமைத்தவர் கார்ல் நியூக்டெர்லைன். 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். வகையில் முன்னோடி என்றாலும் பழகச் சிரமமான கேமரா அது. இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறித் தெரியும். இடப்பக்கம் ஓடும் குழந்தை திரையில் வலப்பக்கம் ஓடும். படம் எடுத்ததும் மேலேறிய கண்ணாடி, ஃபிலிமைச் சுற்றும்வரை இறங்காது; அதுவரை ஒரே இருட்டு. போதாக்குறைக்கு ஷட்டர் பொத்தான் இடக்கைப் பக்கம். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கையில் இருப்பது இதன் பிற்கால வாரிசுதான்.

1945 பிப்ரவரி குண்டுவீச்சில் ட்ரெஸ்டன் அழிந்து, எஞ்சியது சோவியத் வசமானது. அங்கிருந்தே 1949இல் கான்டாக்ஸ் எஸ் வந்தது. கண்ணாடிக்கு மேலே பொருத்திய பென்டாபிரிசம் பிம்பத்தை நேராக்க, கேமரா கண்ணுக்கு உயர்ந்தது. அதன் 42 மி.மீ. திருகு மறையைப் பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனித் எனப் பல கேமராக்கள் ஏற்றன. கிழக்கு ஜெர்மன் லென்ஸை ஜப்பானியக் கேமராவில் மாட்ட முடிந்தது. போட்டி நிறுவனங்களிடையே அப்படியொரு தாராளம் பின்னாளில் அரிதாகிவிட்டது.

படம் எடுத்ததும் சூழும் அந்த இருட்டுக்கு முடிவு ஜப்பானிலிருந்து பரவியது. தானே இறங்கும் கண்ணாடியை ஹங்கேரியின் டுஃப்ளெக்ஸ் முன்பே காட்டியிருந்தும், அது சில நூறு கேமராக்களோடு நின்றுபோனது. அசாஹி நிறுவனம் 1954இல் அசாஹிஃப்ளெக்ஸில் அதைக் கொண்டுவந்தது. 1957இல் பென்டாபிரிசத்தையும் வலக்கை விரலால் ஒரே தள்ளலில் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலையும் சேர்த்து பென்டாக்ஸ் ஆக்கியது. 1959இல் நிக்கான் எஃப் வந்தபின், பத்திரிகைப் படக்காரர்களின் பார்வை ஜெர்மனியை விட்டு ஜப்பான் பக்கம் திரும்பியது. லென்ஸ் வழியே ஒளியை அளக்கும் வசதி 1963இல் டாப்கான் மூலமும், 1964இல் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் மூலமும் வந்தது.

இதன்பின் எடுப்பவருக்கு மிஞ்சிய வேலைகள் சில. ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஏ.எஸ்.ஏ. எண்ணைக் குமிழில் வைப்பது. லென்ஸ் வளையத்தைத் திருப்பி, திரை நடுவில் பிளந்து தெரியும் கோட்டை ஒன்றுசேர்ப்பது. உள்ளே ஆடும் முள் நடுவில் நிற்கும்வரை ஷட்டர் வேகத்தையும், ஒளி நுழையும் லென்ஸ் துளையான அபர்ச்சரையும் மாற்றுவது. ஒன்று ஒரு படி கூடினால் மற்றதைக் குறைக்க வேண்டும்: நொடியில் 125இல் ஒரு பங்கும் எஃப் 8ம் தரும் ஒளியையே 250இல் ஒரு பங்கும் எஃப் 5.6ம் தரும். முன்னதில் பின்னணி கூடுதல் தெளிவு பெறும். பின்னதில் ஓட்டம் உறையும். முள்ளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 36 படம் முடிந்ததும் அடிப்புறப் பொத்தானை அழுத்தி, ஃபிலிமைச் சுருளுக்குள் திருப்பிச் சுற்றிய பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். மறந்து திறந்தால் வெளியே கிடக்கும் ஃபிலிமெல்லாம் வெளிச்சம் பட்டுப் பாழ்.

1976இல் கேனான் ஏஇ-1 நுண்செயலியோடும், 1985இல் மினோல்டா 7000 தானியங்கி ஃபோகஸோடும் வந்து இவ்வேலைகளையும் வாங்கிக்கொண்டன. ஆனாலும் அதே 1976இல் வெளியான, முழுக்க இயந்திர விசையில் ஓடும் பென்டாக்ஸ் கே1000, மாணவர்களின் கேமராவாக 1997வரை தயாரிப்பில் இருந்து 30 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இப்படி இயந்திர விசையில் ஓடும் கேமராக்களில் பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும்; முள் மட்டும் படுத்துவிடும். அந்நாளைய பல மாடல்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தவை. சுற்றுச்சூழல் காரணத்தால் அந்த பேட்டரிகள் தடைசெய்யப்பட்டுவிட்டன. பதிலாக 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் அளவு பிசகும். ஸ்பாட்மேட்டிக்கின் மின்சுற்று வோல்ட் வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அதில் இன்றைய பேட்டரியே போதும்.