பால்வரை தெய்வம்

விதி என்ற வடசொல் இன்று பெருவழக்காகிவிட்டதெனினும், மனிதர்க்கு வரும் இன்ப துன்பங்கள் முன்னரே வரையறுக்கப்பட்டவை என்ற எண்ணத்தைச் சுட்டப் பழந்தமிழ் நூல்கள் பால், முறை, ஊழ் ஆகிய சொற்களையே பெரிதும் ஆண்டன. பால் என்பது பகுதி அல்லது பங்கு. இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்றும் திருக்குறளில் முப்பால் என்றும் வழங்குவது இச்சொல்லே. அவரவர்க்குரிய பங்கை வரையறுத்து அளிப்பதனால் அவ்வாற்றலைத் தொல்காப்பியம் ‘பால்வரை தெய்வம்’ என்கிறது. அந்நூலின் களவியலோ, தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்டுக் காதல் கொள்வதும் பாலின் ஆணையால் என்று கூறுகிறது. அதன் கிளவியாக்க இயல் இத்தெய்வத்தைக் காலம், உலகம், உயிர், ஞாயிறு முதலியவற்றோடு ஒரே நூற்பாவில் அடக்கி, இப்பத்துச் சொற்களும் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபே கொள்ளும் என விதிப்பது கூர்ந்து நோக்கத்தக்கது: பங்கிட்டளிக்கும் தெய்வம் ‘வந்தான்’ என்னாது ‘வந்தது’ என்றே முடியும்.

ஊழ் என்னும் சொல்லின் வரலாறு வேறு. ஊழ்த்தல் என்ற வினைக்கு மலர்தல், முதிர்தல், உதிர்தல் எனப் பொருள்கள் உள்ளன. பெயராக வருங்கால் அது முறைமையைக் குறிக்கும். திருக்குறள் அறத்துப்பாலின் இறுதியில், 38ஆம் அதிகாரமாக ஊழை வைத்து அதன் வலிமையைப் பேசுகிறது. அதே நூலின் சொல்வன்மை அதிகாரத்தில் மணமற்ற பூங்கொத்தைப் பற்றிச் சொல்லுமிடத்து இவ்வினை மலர்தல் என்ற பொருளிலேயே வருகிறது. உரிய பருவத்தில் பூ விரிவதும், வினை தன் பயனைத் தருவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருத்தல் தற்செயலாகத் தோன்றவில்லை.

புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் காட்டும் முறை, ஆற்றுநீர் வழிச் செல்லும் புணையை ஒத்தது. அங்கே பங்கிடுவோர் எவரும் இல்லை. அனைத்தும் நியதிப்படியே நிகழும், முயற்சியால் அதனை மாற்ற இயலாது என்று கொண்ட ஆசீவகரின் சாயலை இதில் கண்டோரும் உளர். ஆயினும் இப்பாட்டின் பிற்பகுதி பெரியோரை வியத்தலையும் சிறியோரை இகழ்தலையும் விலக்குவதால், இதனை அச்சமயத்துக்கே உரியதாக்குவது மிகை.

திருக்குறளின் ஊழ் அதிகாரத்திலேயே ‘வகுத்தான்’ என்ற ஆண்பாற் சொல்லும் இடம்பெறுகிறது. 13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அந்நூலின் உரையாசிரியர் பரிமேலழகர் ஊழ், பால், முறை, தெய்வம், நியதி, விதி முதலியவற்றை ஒருபொருட் சொற்களாக்கினார். ஓருயிர் செய்த வினையின் பயன் பிறிதோர் உயிரைச் சென்று சேராமல் செய்த உயிர்க்கே வகுக்கப்படுவதால் ‘வகுத்தான்’ எனப்பட்டது என்றும் விளக்கினார். இதே பணியைச் சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களுள் ஒன்றான நியதிக்கு அளிக்கிறது. ஆனால் அங்கே நியதியும் வினையும் அறிவற்ற சடப்பொருள்களாதலின், தாமாகவே வினை செய்தவனை அறிந்து சென்று சேரமாட்டா, சேர்ப்பிப்பவன் சிவன்.