நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி: மரபணுக் காரணிகள்

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்று சிலரிடம் தானே நீங்குகிறது. சிலரிடம் ஆறு மாதங்களைக் கடந்து நாட்பட்டதாகிறது. இவ்வேறுபாட்டில் மரபணுக்களுக்கும் பங்குண்டு. முதன்மையானவை 6ஆம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள். வைரஸின் புரதத் துணுக்குகளை நோயெதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டும் மூலக்கூறுகளை இவை உருவாக்குகின்றன. இவற்றுள் டிஆர்பி1 மரபணுவின் டிஆர்பி1*1302 வகை தொற்று நீங்கத் துணைபுரிவதைக் காம்பியாவில் நடந்த ஆய்வு 1995இல் காட்டியது. அதே எச்.எல்.ஏ. தொகுதியிலுள்ள டிபிஏ1, டிபிபி1 மரபணுக்களின் பங்கை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தனர். வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாயிலான என்.டி.சி.பி. புரதத்தில், கிழக்காசியரிடம் காணப்படும் எஸ்267எஃப் மாற்றமும் ஓரளவு பாதுகாப்பளிக்கிறது.

எனினும் தொற்றும் வயதே வலுவான காரணி. தொற்றுக்குள்ளாகும் பச்சிளங்குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குத் தொற்று நாட்படுகிறது. வயதுவந்தோரில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே மரபணு எவ்வாறிருப்பினும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி இன்றியமையாதது.